இரவு உறைந்ததா?

புட்டுக்கு மா குழைக்கத் தெரிந்தவர்களுக்கு வசந்தகாலப் பனியை விளங்கப்படுத்துவது சுலபம். வறுத்த அரிசிமாவை அள்ளினால் விரலிடுக்கால் வழிந்து ஓடும். கொதிநீரை அளவாக விட்டுக் கிளறினால் கைப்பிடிக்குள் பிடித்தபடி நிற்கும். சுண்டால் கொத்தினால் மணிமணியாக உதிரும். ஒரு அகப்பை தண்ணீர் கூடிப்போனால் கதை முடிந்தது. மா களியாகி, சட்டியின் சரிவில் மெல்ல வழுக்கி அடியில் போய்ச் சேரும். அம்மா அதை நீத்துப்பெட்டிக்குள் போடமாட்டா. ரொட்டி சுட எடுத்து வைப்பா.

மலைப்பனியும் அப்படித்தான். மார்கழி, தையில் விழுவது வறுத்த மா. பங்குனி, சித்திரையில் வெயில் அதற்குள் தண்ணீர் விடுகிறது. கொஞ்சமாக விட்டால் பனி ஒன்றோடொன்று ஒட்டும். பிள்ளைகள் பனிமனிதன் செய்வது அந்தப் பனியில்தான். தண்ணீர் கூடினால் மணிகளுக்கு இடையில் இருந்த பிடிப்பே கரைந்துபோகும். அப்படிப்பட்ட பனி 35 பாகைச் சரிவில் கிடந்தால், அது அங்கேயே கிடக்க ஒரு நியாயமும் இல்லை.

நான் மயிலிட்டிக் கடற்கரைக்காரன். 1989இல் சுவிட்சர்லாந்துக்கு அகதியாக வந்தபோது வயது 20. கிரவுபுண்டன் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவ இடம் கிடைத்தது. கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஜன்னலுக்கு வெளியே நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். அதில் ஏறலாம் என்ற நினைப்பே அப்போது வரவில்லை. விசா, தம்பிமாருக்குக் காசு, வீட்டுக்குக் கடிதம் என்று ஏற வேண்டிய மலைகள் கீழேயே நிறைய இருந்தன.

என்னைப் பனிக்குக் கூட்டிப்போனவர் எங்கள் குசினித் தலைவர். செஃப் என்றே கூப்பிடுவோம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மாட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஈஸ்டர் முடிந்ததும் மலை ஹோட்டல்களைச் சில கிழமைகளுக்குப் பூட்டிவிடுவார்கள். குளிர்கால விருந்தாளிகள் போய்விட்டார்கள், கோடைகாலத்தவர்கள் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளிதான் சமையற்காரருக்கு மலை. ஸ்கீயின் அடியில் ரோமப்பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். முன்னுக்குத் தள்ளினால் வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. அதைக்கொண்டு மூன்று நான்கு மணித்தியாலம் நடந்தே ஏறி, மேலே பட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, ஆளில்லாத சரிவில் சறுக்கி இறங்குவது. டிக்கெட் இல்லை, காவல் இல்லை, கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியும் இல்லை. குறித்துவைத்த சறுக்குப்பாதையில் பனிச்சரிவு வராமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அதைவிட்டு வெளியே வந்தால் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

முதல் தடவை ஒரு மலைக்குடிலில் தங்கினோம். விடிய மூன்று மணிக்கு என் காலைப் பிடித்து ஆட்டினார். "வெளியே போய் இரவு உறைந்ததா என்று பார்த்துவிட்டு வா" என்றார். எனக்கு விளங்கவில்லை. சுவிஸில் மலைக்கு மேலே நிற்கிறோம், உறையாமல் என்ன செய்யும்? போனேன். வானம் முழுக்க நட்சத்திரம். கைத்தடியைப் பனியில் ஊன்றினேன். 'டக்' என்று நின்றது. சப்பாத்தால் மிதித்தேன், சீமெந்துத் தரை. முந்தின நாள் பின்னேரம் அதே இடத்தில் முழங்கால்வரை புதைந்து நடந்தவன் நான்.

குடில் சுவரில் தொங்கிய வெப்பமானியில் பூச்சியத்துக்கு மேலே 2 பாகை. காற்று உறைநிலைக்கு வரவேயில்லை. பனி மட்டும் உறைந்திருந்தது. பல வருசம் இது எனக்குப் புதிராக இருந்தது. ஆனால் பதில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையிலேயே இருந்திருக்கிறது. மார்கழியில் வானம் தெளிந்து கிடக்கும் இரவுகளில் விடியப்புறம் தகரத்திலிருந்து பனித்துளி சொட்டும். முகில் மூடிய இரவில் சொட்டாது. தெளிந்த வானத்துக்குத் தகரம் தன் சூட்டை வீசிவிடுகிறது. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. பனியும் அதையே செய்கிறது, தகரத்தைவிடத் திறமாகச் செய்கிறது. முகில் வந்தால் அது போர்வை. பனி வீசிய சூடு திரும்பவும் பனிக்கே வந்துவிடும். ஈரக்காற்றும் அப்படித்தான். ஆகவே வெப்பமானியைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பதுதான் முக்கியம்.

இரவு நன்றாக உறைந்தால், தளர்ந்து கிடந்த பனிமணிகளை ஐஸ் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு ஓடு உருவாகும். அந்த ஓடு தடிப்பாக இருக்கும்வரைக்கும் மலை திறந்திருக்கிறது. வெயில் அதைக் கரைத்துத் துளைத்துவிட்டால் மூடிவிட்டது. விடிய ஐந்து மணிக்குப் பத்திரமாக இருந்த அதே சரிவு மதியம் ஆளை விழுங்கும். குளிர்காலத்துப் பனிச்சரிவு ஆபத்து நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் மாறுவது. வசந்தகாலத்தில் அது மணிக்கணக்கில் மாறுகிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

டாவோஸில் இருப்பவனுக்கு ஒரு வசதி. பனியையும் பனிச்சரிவையும் ஆராயும் சுவிஸ் நிறுவனம், எஸ்எல்எஃப் என்பார்கள், இந்த ஊரில்தான் இருக்கிறது. 1936இல் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் பனிக்குள் ஒரு குடில் அமைத்துச் சில ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிய வேலை அது. அங்கே 2,536 மீட்டர் உயரத்தில் உள்ள சோதனைத் திடலில் இன்றைக்கும் பனியை அளக்கிறார்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வரும்; காலை எட்டு மணிக்குத் திருத்தம் வரும். எங்கள் குசினியில் ஐந்து மணி என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டும் நேரம். செஃப் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அறிக்கையைப் பார்ப்பார். அப்பா கடலுக்குப் போகமுதல் கொடி ஆடுகிற ஆட்டத்தைப் பார்ப்பதுபோல.

ஆபத்துக்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். 1993 முதல் ஐரோப்பா முழுக்க அதுதான் கணக்கு. ஐந்தில் மூன்று என்றதும் சனம் 'நடுத்தரம்தானே' என்று நினைக்கிறது. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு ஐம்பது வாங்கிய பழக்கம். சுவிஸில் பனிச்சரிவில் செத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம் படி நாட்களில்தான் செத்திருக்கிறார்கள். நாலிலும் ஐந்திலும் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். வசந்தகாலத்தில் ஒரே நாளுக்கு இரண்டு படம் வரும்: விடிய ஒன்று, பகல் ஏறஏற மூன்று. முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நாட்டுச் சனத்துக்குப் பனிச்சரிவு புதிதல்ல. டாவோஸுக்குப் பக்கத்தில் ஃப்ரவுன்கிர்க் என்ற கிராமத்துத் தேவாலயத்தைப் போய்ப் பார்த்தால், அதன் மலைப்பக்கச் சுவர் தோணியின் அணியம் மாதிரிக் கூராக இருக்கும். மேலேயிருந்து வரும் பனியை இரண்டாகக் கிழித்து இரண்டு பக்கமும் அனுப்புவதற்கு. அதை முதலில் பார்த்தபோது, கோயிலைக் கடலில் இறக்கப்போகிறார்களா என்றுதான் நினைத்தேன். 1950-51 குளிர்காலத்தில் சுவிஸில் மட்டும் 98 பேர் பனிச்சரிவில் போனார்கள். நிறையப் பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே. அதற்குப் பிறகுதான் மலைச்சரிவுகளில் இரும்பு வேலிகளை வரிசைவரிசையாக நட்டார்கள், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் நிறம் தீட்டினார்கள். பனிச்சரிவோடு வாழும் இந்த அறிவை 2018இல் யுனெஸ்கோ சுவிஸ், ஆஸ்திரியா இரண்டின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. இப்போது வீட்டுக்குள் சாகிறவர்கள் மிகக் குறைவு. ஆண்டுக்குச் சராசரியாக 20 பேர் அளவில் இன்னும் சாகிறார்கள். அநேகமாக எல்லோரும் தாங்களாக விரும்பி ஏறியவர்கள். பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவில் அகப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விடயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களேதான், அல்லது கூடப் போன ஒருவர். மலை தேடிவந்து ஆளை அடிப்பது அபூர்வம்.

வசந்தத்தில் வரும் சரிவு ஒரே சாதி அல்ல. ஒன்று, மேற்பரப்பில் ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல விரிந்து இறங்குவது. பாறை ஓரத்தில், வெயிலில் சுட்ட கல்லுக்குப் பக்கத்தில் தொடங்கும். அது வரமுதல் மலை சைகை காட்டும்: சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வரும், வரும் வழியில் பனியைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு பாண் உருளை மாதிரிப் பெருக்கும். பார்க்க வடிவு. அதைக் கண்டால் இடத்தைக் காலிபண்ண வேண்டும்.

இன்னொன்று அடிவரைக்கும் போகும் விடயம். குளிர்காலம் தொடங்கும்போது பனி கொஞ்சமாக விழுந்து, பிறகு நெடுநாள் கடுங்குளிர் நின்றால், அடிப்பனி தன் உருவத்தை மாற்றிச் சீனிபோல ஆகிவிடும். கையில் எடுத்தால் கற்கண்டுத் தூள், ஒன்றோடொன்று ஒட்டாது. இங்கே அதற்கு 'நீந்தும் பனி' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒன்றரை மீட்டர் பனி ஏறிவிடும். பங்குனியில் முதல் தடவையாக உருகிய தண்ணீர் ஊறி ஊறி அந்தச் சீனியைத் தொடும் நாள் இருக்கிறதே, அது பொல்லாத நாள். சரிவு முழுவதும் நிலம் தெரியக் கழன்று வரும். அந்தத் தண்ணீர் வழி கண்டுபிடித்து வடியத் தொடங்கி, பனி பல இரவுகள் உறைந்து உருகிப் பழகிவிட்டால் நிலைமை தேறும். ஆகவே 'வசந்தம் வந்தால் பனி இறுகிவிடும்' என்று சொல்பவர் சொல்வதும் பொய்யல்ல. எந்தக் கிழமையில் சொல்கிறார் என்பதுதான் கேள்வி.

மூன்றாவதை நான் அடையாளம் காண அதிக நாள் எடுக்கவில்லை, ஏனென்றால் அதற்கு இங்கே வைத்த பெயர் மீன்வாய். புல்சரிவில் கிடக்கும் பனி முழுக் கம்பளமாக மெல்ல வழுக்கும்போது, மேலே குறுக்காக ஒரு வெடிப்பு விழும். நடுவில் அகன்று இரண்டு ஓரமும் கீழ்நோக்கி வளைந்த வெடிப்பு. பாரைமீனைச் சந்தையில் படுக்கவைத்தால் இருக்குமே அதே வாய். அந்த வெடிப்பு விழுந்த சரிவு அடுத்த நிமிடமும் வரலாம், அடுத்த மாதமும் வரலாம், வராமலே உருகியும் போகலாம். நடுச்சாமத்திலும் வரும். இதற்கு மட்டும் விடியப்புறக் கணக்குச் செல்லாது. கீழே நிற்காதே, கீழே இருந்து சாப்பிடாதே என்பதைத் தவிர ஒருவரிடமும் பதில் கிடையாது.

ஒன்று சொல்ல மறந்தேன். சில வருசம் சகாராப் பாலைவனத்துத் தூசி இங்கே வந்து விழும். 2021 மாசியில் ஒருநாள் வானம் மஞ்சளாகி, மலையெல்லாம் மஞ்சள்தூள் தூவியதுபோல ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டையைவிடக் கறுத்தச் சட்டை சுடுமல்லவா, அந்த மாதிரித் தூசி படிந்த பனி வெயிலைக் குடிக்கும். கெதியாக உருகும். பிறகு புதுப்பனி மூடினாலும், சித்திரையில் அது உருகியதும் பழைய தூசிப் படை திரும்ப வெளியே வரும்.

இவ்வளவும் படித்தவன் போலச் சொல்கிறேனே, 1998 பங்குனியில் நான் செய்ததைக் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து, கூட வேலை செய்த போர்த்துக்கல் பொடியன்கள் இருவரும் நானும் பத்து மணிக்குப் புறப்பட்டோம். செஃப் வரவில்லை. பெரிய மலைக்குப் போகவில்லையே, ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சரிவுதானே என்று நினைப்பு. தென்னை உயரத்தில் மூன்று மடங்கு இருக்குமோ என்னவோ. கீழே ஒரு ஓடை, பனிக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம். மேலே ஏறும்போது ஒரு மணி. வெயில் முதுகில் அடித்தது. மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். பனி உருண்டைகள் எங்களுக்குப் பக்கத்தால் உருண்டு போயின. யாருடையது முதலில் ஓடைக்குப் போகும் என்று பந்தயம் கட்டினோம்.

இறங்கும்போது இரண்டாம் திருப்பம். வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சீனி மூட்டையைக் கிழித்துக் கொட்டுவதுபோல ஒரு 'ஸ்ஸ்'. பிறகு முழங்காலுக்குப் பின்னால் யாரோ தள்ளினார்கள். வேகமே இல்லை, அதுதான் விசித்திரம். ஒரு மாடு ஆறுதலாக வந்து முட்டிக்கொண்டு போவதுபோல. விலகலாம் என்று நினைத்தேன். கால் என் சொல்லைக் கேட்கவில்லை, ஏனென்றால் கால் நின்ற நிலமே போய்க்கொண்டிருந்தது. நாற்பது மீட்டர் கொண்டுபோய் ஓடைப் பள்ளத்தில் தள்ளியது. பள்ளத்துக்குள் போனதால் பனிக்குப் போக இடமில்லை, என்மேலேயே குவிந்தது. நெஞ்சுவரை. நின்ற கணத்தில் அது இறுகியது. சப்பாத்துக்குள் பெருவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சை விரித்து மூச்செடுக்க இடம் போதவில்லை. கத்துவதற்கு வேண்டிய மூச்சு இல்லை என்பதால் கத்தவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம்.

பொடியன்களிடம் ஒரு சவள்தான் இருந்தது. ஈரப்பனிச்சரிவில் வந்து குவிந்த பனி ஒரு கனமீட்டர் அரை டன் நிறை வரும். மாறிமாறித் தோண்டி என்னை வெளியே எடுக்க 25 நிமிடம். தலை வெளியே இருந்தபடியால் இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு அடி உயர்ந்திருந்தால் அந்த 25 நிமிடம் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு படித்தேன். 1981 தொடக்கம் 2020 வரையான சுவிஸ் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்: முழுக்கப் புதைந்தவர்களில் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியாகும்போது மூன்றில் ஒருவர் அளவுதான். குளிர் அல்ல, மூச்சுத்தான் கொல்வது.

அடுத்தநாள் குசினியில் செஃப் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார்: "இரவு உறைந்ததா?"

தெரியாது என்றேன். நான் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்து படுத்தவன், வானத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆண்டு சித்திரையில் வழமையைவிடக் கூடத் தரம் என்னைக் கூட்டிப்போனார். வெயிலின் பாதையைப் பார்த்துச் சரிவைத் தேர்ந்தெடுப்பதை அப்போதுதான் கற்றேன். கிழக்கு முகம் முதலில் இளகும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. வடக்குமுகத்தில் உயரத்தில் சித்திரையிலும் குளிர்காலம் முடிந்திருக்காது. அங்கே ஆபத்து வேறு மாதிரி, காற்றுக் கொண்டுவந்து குவித்த காய்ந்த பனி பலகைபோல உடைந்து வரும். ஆக, கிழக்கால் இறங்குவதென்றால் ஒன்பது மணிக்கே மேலே நிற்க வேண்டும். ஓட்டின் மேல்பக்கம் ஓரிரு சென்ரிமீட்டர் மட்டும் இளகி, அடியில் இன்னும் கல்லாக இருக்கும் அந்த அரைமணித்தியாலம் இருக்கிறதே, அதை ஃபிர்ன் என்பார்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல ஸ்கீ போகும். அதற்காகத்தான் இந்தச் சனம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழும்புகிறது. சப்பாத்து கணுக்கால்வரை இறங்கத் தொடங்கினால் நேரம் போய்விட்டது.

பங்குனிக் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நேற்றுவரை 'பதினொன்றுக்கு இறங்கிவிடு' என்று பழகியவன் அடுத்தநாள் பன்னிரண்டு மட்டும் இருக்கலாமா? இருக்கலாம், சூரியனுக்கு மணிக்கூடு தெரியாது. ஆனால் அடுத்த கிழமை வெயில் இன்னும் உயர்ந்துவிடும், அந்தச் சலுகையும் போய்விடும். நான் மணியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். அப்பாவும் கையில் மணிக்கூடு கட்டாதவர். சோளகம் எப்போது எழும்பும் என்று தெரிந்தவருக்கு மணி எதற்கு? இங்கேயும் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் சூட்டுக்காற்று ஒன்று உண்டு, ஃப்யோன் என்று பெயர். அது அடிக்கிற இரவில் பனி உறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இறங்கி முடித்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பதும் ஒரு பிழை. சரிவு 30 பாகைக்கு மேல் என்றால்தான் பலகைச் சரிவு கிளம்பும் என்பது பொது விதி; சுவிஸ் வரைபடங்களில் அப்படிப்பட்ட சரிவுகளுக்கு நிறம் போட்டே வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் வீட்டுக்குத் திரும்பும் தட்டையான பள்ளத்தாக்குப் பாதைக்கு மேலே என்ன தொங்குகிறது? மதியத்துக்குப் பிறகு அது தானாகவே வரும், யாரும் மிதிக்கத் தேவையில்லை. 2023 சித்திரை மாதம் நான்காம் திகதி சிக்கிமில் நாதுலா போகும் வீதியில் பனிச்சரிவு இறங்கி ஏழு பேர் செத்தார்கள். சுற்றுலாப் போனவர்கள். ஏறப் போனவர்கள் அல்ல. காஷ்மீர், மணாலி, சிக்கிம் என்று பனி பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: படம் எடுக்க வண்டியை நிறுத்தமுதல் உங்கள் தலைக்கு மேலே பாருங்கள். 'இதற்கு அப்பால் போகாதே' என்று இராணுவமோ பொலிசோ சொன்னால், அவர்களுக்கு அந்தச் சரிவைத் தெரியும்.

கருவிகளைப் பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சாமான்: உடம்போடு கட்டும் சமிக்ஞைக் கருவி, மடித்து வைக்கும் நீளக் கம்பி, சவள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பிரயோசனம் குறைவு. கருவி எந்த நாட்டில் செய்ததென்றாலும் 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டிருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் பக்கத்துக்குத் திருப்பி, அம்புக்குறியைப் பின்பற்றிப் போய், பனியோடு ஒட்டப் பிடித்து இலக்கம் எங்கே குறைகிறது என்று பார்ப்பார்கள். பிறகு கம்பியால் குத்துவது, பிறகு தோண்டுவது. கம்பி ஆளில் பட்டால் வித்தியாசம் கைக்குத் தெரியும். நிலத்தைப்போலக் கடினமாக இராது, மெத்தென்று தடுக்கும். தோண்டும்போது நேரே மேலேயிருந்து கிணறு வெட்டக்கூடாது. கம்பிக்குக் கீழ்ச்சரிவில் தள்ளி நின்று, பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

ஒவ்வொரு மார்கழியும் மகளும் நானும் ஊர் எல்லையில் ஒரு வெளியில் பழகுவோம். ஒரு பைக்குள் கருவியை வைத்து நான் புதைப்பேன், அவள் தேடுவாள், பிறகு மாறி. போன தடவை அவள் நான்கு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். எனக்கு ஒன்பது. இலக்கம் ஏறியும் இறங்கியும் பேய்க்காட்டியது. "அப்பா, உங்கட போன் எங்கை இருக்கு?" என்று கேட்டாள். நெஞ்சுப் பைக்குள். "அதை உதிலை வைச்சா மிசின் குழம்பும் எண்டு எத்தினை தரம் சொல்லிட்டன்?" தேடும்போது போன் போன்ற மின்சாமான்கள் கருவியிலிருந்து குறைந்தது 50 சென்ரிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், சும்மா நடக்கும்போது 20. எனக்குத் தெரிந்த விடயம்தான். தெரிந்தும் வைத்திருந்தேன். "நான் புதைஞ்சு கிடந்தா நீங்கள் ஒன்பது நிமிசம் தேடுவீங்களோ?" என்று சிரித்தபடிதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெலிகொப்டர் வரும்தானே என்பார்கள். வரும். 1414 என்ற இலக்கத்துக்கு அடித்தால் ரேகா என்னும் விமான மீட்புச் சேவை வரும், இரவிலும் வரும், காலநிலை விட்டால். ஆனால் எவ்வளவு கெதியாக வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து சேருவது அரிது. அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நடந்து வந்தவர்தான். அதனால்தான் ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராகக் கடக்கச் சொல்கிறார்கள்: ஒருவர் போகும்போது மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க. எல்லோரும் சேர்ந்து கதைத்துக்கொண்டு போய் எல்லோரும் சேர்ந்து புதைந்தால் தோண்ட யார்?

சில வருசத்துக்கு முந்திய ஒரு சித்திரை. செஃப் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கால் இன்னும் ஓய்வு கேட்கவில்லை. அவர், மகள், நான். ஃப்ளூயெலா கணவாய்ப் பக்கம் ஒரு குடிலில் தங்கியிருந்தோம். மூன்று மணிக்கு மகள்தான் வெளியே போனாள். வந்து தலையை ஆட்டினாள். முகில். தடி புஸ் என்று இறங்கியது. அறிக்கையில் இரவு வெளிக்கும் என்று போட்டிருந்தது. வெளித்தது எங்களுக்குப் பிந்தியோ வேறெங்கோ.

மகளுக்கு லீவு இரண்டே நாள். மூன்று மாதமாகப் பார்த்துவைத்த சிகரம். "ஒரு மணித்தியாலம் பாப்பம் அப்பா" என்றாள். பார்த்தோம். ஐந்தரை மணிக்கும் ஓடு இல்லை. செஃப் தன் கோப்பியைக் குடித்து முடித்தார், சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவ்வளவுதான் கூட்டம், அவ்வளவுதான் தீர்மானம். குடிலில் எங்களோடு தங்கிய நான்கு பேர் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள். மகள் ஜன்னலால் அந்த நான்கு வெளிச்சமும் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் விடிந்ததும் தட்டையான வழியால், சரிவுகளுக்குத் தள்ளி, ஆறு மணிக்கே ஊர்ப்பக்கம் இறங்கிவிட்டோம். பஸ்ஸில் அவள் என்னோடு கதைக்கவில்லை.

அன்றைக்கு அந்த மலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பனிச்சரிவும் வரவில்லை. நாங்கள் சரி என்று காட்ட மலை எதையும் செய்யாது. பிழையாகத் தீர்மானித்தவனும் தொண்ணூறு தரம் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான், அதுதான் இந்தப் பள்ளிக்கூடத்தின் கோளாறு. கடலில் அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. வள்ளம் இறக்காமல் கரையில் குந்தியிருந்த நாளில் மற்றவன் நிறைய மீனோடு வந்தால், அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று வலை தட்டிக்கொடுப்பார். வாயே திறக்கமாட்டார்.

ஒரு கிழமை கழித்து மிக்ரோஸ் கடையில் தக்காளி நிறுத்துக்கொண்டு நிற்கிறேன், அந்த நால்வரில் ஒருவர். "நீங்கள் ஏன் திரும்பினீர்கள்? மேலே சொர்க்கம்!" என்று போனை நீட்டினார். வடிவான படம்தான். நீல வானம், நான்கு பேர், பின்னால் அவர்கள் சறுக்கி இறங்கப்போகும் சரிவு. எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டேன். பதினொன்றரை என்றார். இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சரிவின் இடது பக்கம், பாறைக்குக் கீழே, பனியில் ஏழெட்டுக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு சின்ன உருளை.

விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பனி உருண்டைகள்தானே" என்றார்.

"ஓம்" என்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மா தராசைக் காட்டி, முடிந்ததா என்று கேட்டா. தக்காளிப் பையை எடுத்துக்கொண்டு விலகினேன்.